திரவ ஆர்கானில் நேரான தடம் ஏன் வளைந்து தெரிகிறது?

கேள்வி:
அமெரிக்காவின் ஃபெர்மிலேப் ஆய்வகத்தின் மைக்ரோபூன் (திரவ ஆர்கான் நிரப்பிய நியூட்ரினோ கருவி) படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கருவியைத் துளைத்துக்கொண்டு போகும் மியூயானின் (எலக்ட்ரான்போன்ற, ஆனால் கனமான துகள்) தடம் சுவர்வரை போக வேண்டும் அல்லவா, அது சில செ.மீ. உள்ளேயே முடிந்துவிடுகிறது, ஓரத்தில் வளைந்தும் இருக்கிறது. மின்புலம் கெட்டுப்போனதுதான் காரணம் என்கிறார்கள். எப்படிக் கெடுகிறது, எப்படித் திருத்துவது?

பதில் 1:
அயனிகள்தான் காரணம். கருவி தரைமட்டத்துக்கு அருகில் இருப்பதால் விண்வெளிக் கதிர்களால் உண்டாகும் காஸ்மிக் மியூயான்கள் ஓயாமல் கொட்டுகின்றன. அவை ஆர்கான் அணுக்களிலிருந்து பிரித்துவிடும் எலக்ட்ரான்களை மின்புலம் நேர்மின்வாய்க்கு இழுக்கும், அவை வந்துசேரும் இடத்தையும் நேரத்தையும் வைத்துத்தான் தடத்தை வரைகிறார்கள். கருவியின் 2.56 மீட்டரை எலக்ட்ரான்கள் சுமார் 2.3 மில்லிவிநாடியில் கடந்துவிடும். நேர்மின் அயனிகளோ விநாடிக்குச் சில மில்லிமீட்டர்தான் நகரும், போய்ச்சேர நிமிடக்கணக்காகும். அதுவரை உள்ளேயே தேங்கி நின்று, எதிர்மின்வாய்ப் பக்கம் புலத்தைக் கூட்டி, நேர்மின்வாய்ப் பக்கம் குறைத்துவிடும். அதனால் எலக்ட்ரான்கள் வழி விலகி வர, தடமும் வளைந்து தெரியும்.

பதில் 2:
திருத்துவதற்குப் புறஊதா லேசர். அதுவும் ஆர்கானில் எலக்ட்ரான்களைப் பிரித்துத் தடம் விடும். மியூயான்போல வழியில் சிதறாது, நேர்கோட்டில்தான் போகும், அதனால் வளைவு தெரிந்தால் அது முழுக்கப் புலத்தின் வேலை. ஆனால் ஒற்றைக் கதிர் போதாது. ஒரு புள்ளி கோட்டின் நீளத்திலேயே நகர்ந்திருந்தால் அதில் தெரியவே தெரியாது, அதனால்தான் இரு முனைகளிலிருந்தும் கதிர்கள் ஒன்றையொன்று வெட்டும்படி செலுத்துகிறார்கள். லேசர் எட்டாத மூலைகளுக்கு மியூயான்களே துணை.

அப்புறம், இடத்தைத் திருத்தியதோடு விட்டுவிடாதீர்கள். புலம் குறைந்த இடத்தில் எலக்ட்ரான்கள் அயனிகளோடு அதிகமாக மீண்டும் சேர்ந்துவிடும், ஆற்றல் கணக்கும் பிசகும்.

கேள்வி கேட்டவர்:
சரி, புரிந்தது, நன்றி! டியூன் என்ற பெரிய நியூட்ரினோ சோதனைக்கும் இதே தொல்லை வருமா?

பதில் 1:
அதன் தொலைக்கருவி (நியூட்ரினோ கற்றை புறப்படும் இடத்திலிருந்து தொலைவில் அமையும் கருவி) அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் சுமார் 1.5 கி.மீ. ஆழத்தில், அங்கே மியூயான் மிகச் சொற்பம். ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் தரைமட்டத்தில் வைத்துச் சோதித்த, டியூனின் முன்மாதிரியான புரோட்டோடியூனில்தான் விலகல் இன்னும் பெரிது, அங்கே எலக்ட்ரான் 3.6 மீட்டர் போக வேண்டும்.