வேறு மாநில டீலரிடம் பழைய ஸ்போர்ட்ஸ் கார்: பணம் அனுப்பும் முன் படிக்க

போன வாரம் ஒரு தம்பி கேட்டிருந்தார். அமெரிக்கா வந்து எட்டு மாதம் ஆகிறது, டாலஸ் பக்கம் வேலை, கல்லூரி நாளிலிருந்தே மஸ்டாங் மேல் ஆசை. ஒஹாயோவில் ஒரு டீலரிடம் 2016 மஸ்டாங் ஜிடி ஒன்று இங்கே கேட்கும் விலையைவிட மூவாயிரம் டாலர் குறைவாக நிற்கிறது, வாங்கலாமா அண்ணா என்று. அவருக்கு மட்டும் பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. புதிதாக வந்த பலருக்கும் இதே கேள்வி இருக்கும் என்பதால் இங்கே போடுகிறேன்.

வாங்கலாம் தம்பி. முதல் கார் என்றால் கேம்ரியோ அக்கார்டோதான் என்று எல்லோரும் சொல்வார்கள். கையில் பணம் இருக்கிறது, வீட்டில் இன்னொரு ஆள் இல்லை, ஆசை பத்து வருடமாக அடங்கவில்லை என்றால் ஆசைப்பட்டதையே வாங்குங்கள். ஆனால் டீலரிடம் ஒரு பைசாகூட வாங்காத ஒரு மெக்கானிக் அந்தக் காரை லிஃப்டில் ஏற்றி அடியில் பார்த்துச் சொல்லும்வரை முன்பணம்கூட அனுப்பாதீர்கள். நான் சொல்ல வருவதில் முக்கால்வாசி இதுதான்.

2018-ல் நான் டாலஸ் பக்கத்து இர்விங்கில் இருந்தேன். மாஸ்டா மியாட்டா, 2008 மாடல். இங்கே பதினோராயிரத்து ஐநூறுக்குக் குறைந்து எதுவும் இல்லை, ஒஹாயோவில் ஒன்று ஒன்பதாயிரத்து ஐநூறு. நாற்பது போட்டோ போட்டிருந்தார்கள், ஒவ்வொன்றிலும் கார் கண்ணாடி மாதிரி மின்னியது. காரின் பழைய வரலாற்றைச் சொல்லும் கார்ஃபேக்ஸ் அறிக்கையில் விபத்து எதுவும் இல்லை. விற்பனையாளர் போனில் அவ்வளவு மரியாதையாகப் பேசினார். பணத்தை வயர் செய்தேன், ஒன்பது நாளில் லாரியில் வந்து இறங்கியது. அடுத்த வாரம் ஆயில் மாற்றக் கொண்டுபோனபோது மெக்கானிக் என்னை லிஃப்டுக்கு அடியில் கூப்பிட்டுக் காட்டினார். பின்சக்கரங்களைத் தாங்கும் சப்ஃபிரேம் என்ற இரும்புச் சட்டம் செதில் செதிலாக உதிர்ந்தது. பிரேக் லைன் முழுக்கத் துரு. சைலன்சர் போல்ட்டுகள் ஸ்பேனர் வைக்க முடியாத அளவுக்கு அரித்துப்போயிருந்தன.

நம் ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு இது எளிதில் தோன்றாது. ஒஹாயோ, மிச்சிகன், பென்சில்வேனியா, நியூயார்க் பக்கமெல்லாம் குளிர்காலத்தில் பனி உருகுவதற்காகச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் காரின் அடியில் ஏறி வருடக்கணக்கில் அரிக்கும். மேலே பெயின்ட் புதிதாகவே இருக்கும். போட்டோ எடுப்பவர் மண்டிபோட்டு அடியில் எடுக்க மாட்டார். மிச்சம் பிடித்த இரண்டாயிரம் டாலரும் போய், அதற்கு மேல் ஆயிரத்து நானூறும் செலவானது. டீலருக்குப் போன் செய்தால், 'ஆஸ் இஸ் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே' என்றார். அவர் சொன்னது சட்டப்படி சரி.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கே டீலர் விற்கும் பழைய காரில் பையர்ஸ் கைடு என்ற தாள் கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்பது கூட்டாட்சி அரசின் விதி. 'ஆஸ் இஸ், நோ டீலர் வாரன்டி' என்ற கட்டத்தில் குறி இருந்தால், விற்ற பிறகு வருகிற பழுது உங்கள் செலவு. அந்தத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி முதல் நாளே கேளுங்கள். இன்னொன்று, மூன்று நாளுக்குள் காரைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று நம்மவர்கள் பலர் நம்புகிறார்கள். அந்த மூன்று நாள் விதி வீட்டு வாசலுக்கு வந்து பொருள் விற்பவர்களுக்காக வந்தது, டீலர் கடையில் வாங்கிய காருக்குப் பொருந்தாது. பெரும்பாலும் டீலரே ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தால்தான் உண்டு.

சரி, இரண்டாவது முறை எப்படி வாங்கினேன் என்று சொல்கிறேன். 2022-ல் போர்ஷே பாக்ஸ்டர் பார்த்தேன். முதலில் எந்த வருட மாடலில் என்ன நோய் என்று இரண்டு மாதம் படித்தேன். 2008 வரை வந்த பாக்ஸ்டர்களில் ஐஎம்எஸ் என்ற ஒரு பேரிங் உண்டு, அது உடைந்தால் எஞ்சினே போய்விடும். 2009-லிருந்து வந்த எஞ்சினில் அந்தப் பேரிங்கே கிடையாது. அதனால்தான் பன்னிரண்டாயிரத்துக்குப் பழைய பாக்ஸ்டர் கிடைக்கிறது. எனவே 2013-க்குப் பிந்தையதை மட்டும் தேடினேன்.

வட கரோலினாவில் ஒரு 2014 கார் கிடைத்தது. டீலர், 'எங்கள் மெக்கானிக் நூற்றுப் பதினைந்து பாயின்ட் பார்த்துவிட்டார்' என்றார். நன்றி சொல்லிவிட்டு, அந்த ஊரில் போர்ஷே மட்டுமே பார்க்கும் தனிக் கடை எது என்று போர்ஷே கிளப் ஆஃப் அமெரிக்காவின் அந்தப் பகுதி உறுப்பினர்களிடம் விசாரித்தேன். அந்தக் கடையில் காரைச் சோதிக்கச் சொன்னேன். வாங்கும் முன் செய்யும் இந்தச் சோதனைக்கு இங்கே பிபிஐ என்று பெயர். 325 டாலர். பெயின்டின் தடிமனை அளக்கும் மீட்டரை வைத்துப் பார்த்ததில் இடது பின்பக்கத்தில் மட்டும் மற்ற இடத்தைப் போல இரண்டு மடங்கு. இடிபட்டு மறுபடி பெயின்ட் அடித்த கார். கார்ஃபேக்ஸில் ஒன்றும் இல்லை, ஏனென்றால் போலீசோ இன்சூரன்ஸோ கடையோ தெரிவித்தால்தான் அதில் ஏறும். கையிலிருந்து பணத்தைக் கொடுத்துச் சரிசெய்தால் ஏறாது. எஞ்சின் கம்ப்யூட்டரிலிருந்து ஓவர்ரெவ் கணக்கையும் எடுத்தார்கள். கையால் கியர் மாற்றுகிற போர்ஷே என்றால் இதைக் கட்டாயம் கேளுங்கள். ஆறு நிலை இருக்கும், நான்கு முதல் ஆறு வரை எண்கள் விழுந்திருந்தால், முக்கியமாக அண்மையில் விழுந்திருந்தால், யாரோ தப்பான கியருக்கு இறக்கி எஞ்சினை அதன் எல்லைக்கு மேல் சுழற்றியிருக்கிறார் என்று பொருள். அந்தக் காரை விட்டுவிட்டேன். அந்த 325 டாலர் வீணாகவில்லை.

அடுத்தது நாஷ்வில்லில். மறுபடி பிபிஐ, 300 டாலர். டயர் இரண்டும் முன் பிரேக்கும் தேய்ந்திருந்தன, மற்றபடி சுத்தம். அந்த அறிக்கையைக் காட்டியே விலையில் தொள்ளாயிரம் குறைத்தேன். விமானத்தில் போய் நானே ஓட்டி வந்தேன், ஐ-40-ல் மெம்பிஸ், லிட்டில் ராக், அங்கிருந்து ஐ-30-ல் டாலஸ். ஏறக்குறைய 660 மைல். அந்தப் பயணத்தை இன்னும் மறக்கவில்லை.

வெளிக் கடைக்குக் காரை அனுப்ப மாட்டோம் என்று எந்த டீலராவது சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் அனுமதிக்காது, ஆள் இல்லை, சனிக்கிழமை வேறொருவர் வருகிறார் என்று என்ன காரணம் சொன்னாலும் சரி.

தம்பியின் மஸ்டாங்குக்கு வருகிறேன். அது ஒஹாயோ கார் என்பதால் முதலில் அடிப்பகுதி. அப்புறம், 435 குதிரைத்திறன் உள்ள காரை முந்தைய ஆள் என்னென்ன செய்தார் என்பது. வேகத்துக்காக எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி (ட்யூன்) ஓட்டிவிட்டு, விற்கும் முன் அதை அழித்துவிட்டுப் பழைய பாகங்களை மாட்டிவிடுவார்கள். கம்ப்யூட்டரில் ரெடினஸ் மானிட்டர்கள், அதாவது கார் தன் புகைக் கட்டுப்பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும் சோதனைகள், எல்லாம் முடிந்திருக்கின்றனவா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். அண்மையில் கம்ப்யூட்டரில் பதிந்த பழுதுக் குறியீடுகளை அழித்திருந்தால் அவை முடிந்திருக்காது. டெக்சாஸில் 2025 ஜனவரியிலிருந்து சொந்தக் கார்களுக்குப் பாதுகாப்புச் சோதனை இல்லை, ஆனால் டாலஸ், காலின், டென்டன், டாரன்ட் கவுன்ட்டிகளில் புகைச் சோதனை இருக்கிறது. புகையைச் சுத்தம் செய்யும் கேடலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றிய காரை இங்கே கொண்டுவந்தால் பதிவு செய்ய முடியாமல் நிற்பீர்கள். கிளட்சும் இரண்டாம் கியரும் குளிர்ந்த எஞ்சினில் எப்படி விழுகின்றன என்பதையும் கேளுங்கள்.

டைட்டில், அதாவது காரின் உரிமைப் பத்திரம், விஷயத்தில் அவசரம் வேண்டாம். முன்னும் பின்னும் போட்டோ கேளுங்கள். டீலர்கள் பலர் கடனில்தான் காரை வாங்கி நிறுத்துவார்கள், அந்தக் கடன் அடையும்வரை டைட்டில் கடன் கொடுத்தவரிடம் இருக்கும். காரைக் கொடுத்துவிட்டு டைட்டிலை இரண்டு மாதம் இழுத்தடித்தால் டெம்பரரி டேக் என்ற தற்காலிகப் பதிவெண் காலாவதியாகிவிடும், கார் வீட்டு வாசலில் நிற்கும். டைட்டிலில் சால்வேஜ் (பெரிய சேதத்தால் கழித்தது), ரீபில்ட் (அதைச் சரிசெய்தது), ஃபிளட் (வெள்ளத்தில் மூழ்கியது) என்ற சொற்கள் இருக்கின்றனவா பாருங்கள். ஒரு மாநிலத்தில் சால்வேஜ் என்று முத்திரை விழுந்த காரை வேறொரு மாநிலத்தில் மறுபதிவு செய்து முத்திரையை மறையவைப்பது உண்டு. 2017-ல் ஹார்வி, 2022-ல் இயன், 2024-ல் ஹெலீன் என்று ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் நாடு முழுக்கப் பரவின. இருக்கைக்கு அடியில் உள்ள தண்டவாளத்தில் துரு, டிக்கிக் கம்பளத்துக்கு அடியில் வண்டல், மிதமிஞ்சிய வாசனைத் திரவியம், மூன்றில் எது இருந்தாலும் விலகுங்கள். காரின் அடையாள எண்ணான வின் நம்பரை, இன்சூரன்ஸ் குற்றத் தடுப்பு அமைப்பான என்ஐசிபியின் தளத்தில் போட்டால் திருட்டும் சால்வேஜும் இலவசமாகத் தெரியும், கூட்டாட்சி சாலைப் பாதுகாப்புத் துறையான என்ஹெச்டிஎஸ்ஏவின் தளத்தில் போட்டால் சரிசெய்யாத ரீகால் (குறையைச் சரிசெய்யக் கம்பெனி திரும்ப அழைத்தது) தெரியும். ரீகால் பாக்கி உள்ள பழைய காரை விற்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கவில்லை, அதனால் டீலர் சொல்வார் என்று காத்திருக்காதீர்கள்.

விலை பேசும்போது வரி, கட்டணம் எல்லாம் சேர்ந்த 'அவுட் தி டோர்' தொகையை மட்டும் எழுத்தில் கேளுங்கள். மூவாயிரம் குறைவு என்பது எங்கே கரைகிறது என்று அப்போது தெரியும். டாக் ஃபீ என்ற காகித வேலைக் கட்டணம் கலிபோர்னியாவில் 85 டாலருக்கு மேல் வாங்கக்கூடாது, புளோரிடாவில் உச்சவரம்பே இல்லை. டயரில் நைட்ரஜன், கண்ணாடியில் வின் செதுக்கல் என்று சேர்ப்பார்கள், நீக்கச் சொல்லுங்கள். காரை எங்கே வாங்கினாலும் வரியைக் கடைசியில் உங்கள் மாநிலத்தில்தான் கணக்குப் பார்ப்பார்கள். டெக்சாஸ் 6.25 சதவீதம், 26,000 டாலர் காருக்கு 1,625. விற்கும் மாநிலம் முறைப்படி பிடித்த வரியை டெக்சாஸ் கழித்துக்கொள்ளும், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். முப்பது நாளுக்குள் கவுன்ட்டி டாக்ஸ் ஆபீஸில் 130-யு படிவத்தோடு நிற்க வேண்டும். வரியைத் தவிர்க்க மொன்டானாவில் கம்பெனி தொடங்கிப் பதியலாம் என்று யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். விசாவில் இருக்கிறோம், வரி ஏய்ப்பு வழக்கு நமக்கு வெறும் அபராதத்தோடு நிற்காது.

கடன் வாங்குவதாக இருந்தால் டீலரிடம் போகும் முன் ஒரு கிரெடிட் யூனியனில் (உறுப்பினர்களின் கூட்டுறவு வங்கி) கடனுக்கு முன் அனுமதி வாங்குங்கள். டீலர் ஏற்பாடு செய்யும் கடனில் வங்கி சொன்ன வட்டிக்கு மேல் அவர் கொஞ்சம் ஏற்றிக்கொள்ள முடியும், கையில் ஒப்பிட ஒரு எண் இருந்தால் அது குறையும். எட்டு மாத கிரெடிட் வரலாறு என்பது குறைவு, விசா முடியும் தேதிக்கு மேல் கடன் காலம் போகக்கூடாது என்று சில இடங்களில் சொல்வார்கள். முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இந்த இரண்டு நாளில் வந்த கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

இன்சூரன்ஸ் எவ்வளவு ஆகும் என்று கேட்டவருக்கு: வயது, பின்கோடு, ஓட்டுநர் வரலாறு மூன்றையும் பொறுத்தது. ஊரில் பத்து வருடம் ஓட்டியதைப் பல கம்பெனிகள் கணக்கில் எடுப்பதில்லை. கார் பிடித்த அன்றே, விலை பேசும் முன், அந்த வின் நம்பரை வைத்து மூன்று இடத்தில் இன்சூரன்ஸ் தொகை எவ்வளவு என்று கேளுங்கள். அந்தத் தொகையைப் பார்த்து மஸ்டாங் ஜிடியிலிருந்து நான்கு சிலிண்டர் ஈகோபூஸ்டுக்கு மாறியவர்களை எனக்குத் தெரியும். டெக்சாஸ் லைசன்ஸையும் முதலில் எடுத்துவிடுங்கள், ஊர் லைசன்ஸ் குடியேறிய 90 நாள்வரைதான்.

சான் ஹோசேவுக்கு மாறப்போகும் சகோதரிக்கு: வெளி மாநிலத்தில் கார் வாங்கும் முன் ஓடோமீட்டரைப் பாருங்கள். கலிபோர்னியா புகை விதிப்படி சான்று பெறாத கார் 7,500 மைலுக்குக் குறைவாக ஓடியிருந்தால் அங்கே குடியிருப்பவர் பதிவு செய்ய முடியாது. பானட்டுக்கு அடியில் உள்ள எமிஷன் ஸ்டிக்கரில் கலிபோர்னியா என்று இருக்கிறதா என்று போட்டோ கேளுங்கள்.

லாரியில் அனுப்பலாமா, போய் ஓட்டிவரலாமா என்று கேட்டவருக்கு: முடிந்தால் போய் ஓட்டிவாருங்கள். பணம் கொடுக்கும் முன் ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வேண்டாம் என்று திரும்ப முடியும். விமான டிக்கெட்டைக் கணக்குப் பார்க்காதீர்கள். லாரிதான் என்றால், புரோக்கர் சொல்லும் லாரி கம்பெனியின் டாட் நம்பரை (அரசுப் பதிவெண்) கூட்டாட்சி லாரிப் பாதுகாப்புத் துறையான எஃப்எம்சிஎஸ்ஏவின் தளத்தில் சரிபாருங்கள், முழுப் பணத்தையும் முன்னால் கேட்பவரைத் தவிருங்கள். கார் சில சமயம் இரவில்கூட வந்து இறங்கும். டிரைவர் அவசரத்தில் இருப்பார், பில் ஆஃப் லேடிங் என்ற சரக்கு ரசீதை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார். டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். முன் பம்பரின் அடி, நான்கு சக்கர விளிம்பு, கூரை எல்லாம் பார்த்து, ஒரு கீறல் இருந்தாலும் அந்தத் தாளில் எழுதி, அவரையும் கையெழுத்துப் போடச் சொல்லி, போட்டோ எடுத்த பிறகு நீங்கள் போடுங்கள். பத்து நிமிடம் ஆகும், அவர் காத்திருப்பார்.