எண்ணெய்க் கணக்கில் டென்சிட்டி: அடர்த்தியா, லிட்டர் எடையா?

அன்பர்களுக்கு வணக்கம். செக்கு ஆலைகளுக்கான பில் போடும் மென்பொருள் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை கெடு. டின்னில் வருவது கிலோக் கணக்கு, பாட்டிலில் விற்பது லிட்டர் கணக்கு. இரண்டையும் இணைக்கத் திரையில் ஒரு பெட்டியில் டென்சிட்டியை, அதாவது ஒரு லிட்டர் எத்தனை கிலோ என்பதை, நிரப்ப வேண்டும். 'அடர்த்தி' என்று போட்டேன். சோதித்துப் பார்த்த ஆலைக்காரர், "விளக்கெண்ணெய் தண்ணியைவிட அடர்த்தியாச்சே" என்று 1.5 போட்டுவிட்டார். வேறு சொல் உண்டா?

*

அம்மா, அடர்த்தியை மாற்றாதீர்கள். பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் சொல் அது. ஆலைக்காரர் சொல்வது பாகுநிலை. கெட்டியாக ஒழுகுவது வேறு, கனமாக இருப்பது வேறு. விளக்கெண்ணெய் 0.96தான், தண்ணீரில் மிதக்கும். யாரும் 'செறிவு' என்று கிளம்ப வேண்டாம். வேதியியலில் கரைசலுக்கு அதை எடுத்தாகிவிட்டது.
(வேதியியல் ஆசிரியர்)

*

அடர்த்தி எங்களுக்கும் அடர்த்திதான். சிக்கல் மற்றச் சொல்லில. நீங்கள் நிறை எண்டு சொல்லுறது எங்கட பாடநூலில திணிவு. எங்கட நிறை உங்களுக்கு எடை. உதவிக் குறிப்பில 'நிறை ÷ பருமன்' எண்டு எழுதினால் யாழ்ப்பாணத்துப் பிள்ளை வேற ஒண்டை விளங்கிக்கொள்ளும்.

*

இந்த இடத்தில் இலங்கையார் பக்கமே தொல்காப்பியர் நிற்கிறார். 'அளவிற்கும் நிறையிற்கும்' என்று தம் நூலின் தொகைமரபு இயலில் இரண்டையும் பிரித்தே வைத்தார். அளவு முகந்து அறிவது, நிறை தூக்கி அறிவது. உரையாசிரியர் அளவுக்குக் கலம், சாடி, தூதை, பானை, நாழி என்று அடுக்குவார். நிறைக்குக் கழஞ்சு, தொடி, பலம். தூதை என்ற அழகான சொல்லை இழந்துவிட்டோம். கோவில் கல்வெட்டுகளில் விளக்குக்கு விட்ட எண்ணெயும் நெய்யும் உழக்கு, நாழி என்று முகத்தல் அளவாகவே வரும். ஆகவே முகந்ததன் எடை, 'முகவெடை'. இலக்கணப்படி பழுதில்லை.
(புலவர்)

*

ஐயா, பழுதில்லைதான். ஆனால் கடைக்காரர் கண்ணாடியைப் பார்ப்பார், முகத்துக்கு என்ன எடை என்று.

எங்கள் வீட்டில் எண்ணெய் வியாபாரம். 15 கிலோ டின், 15 லிட்டர் டின் இரண்டும் சந்தையில் உண்டு. தகராறு முழுக்க அங்கேதான். கடலை எண்ணெய் லிட்டருக்குச் சுமார் 910 கிராம். 15 கிலோ டின்னில் ஏறக்குறைய பதினாறரை லிட்டர் இருக்கும். 15 லிட்டர் டின்னில் 13 கிலோ 650 கிராம்தான். கிலோவிலிருந்து லிட்டருக்குப் போக வகுக்க வேண்டும், திரும்பி வரப் பெருக்க வேண்டும். பலர் தலைகீழாகப் போடுகிறார்கள். பெட்டியில் 'லிட்டர் எடை' என்று இருந்தால் ஒரு லிட்டரைத் தராசில் வைத்துப் பார்த்துப் போடுவார். 1.5 போட மனசு வராது.

*

நல்ல சொல். ஆனால் எந்த வெப்பத்தில்? ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரி செல்சியஸில் 919 கிராம், 60 டிகிரியில் 892.6. சில கம்பெனிகள் பாக்கெட்டில் 60 டிகிரி என்று அச்சடித்துக் குறைவான எடையை நிரப்பியதால்தான், வெப்பநிலையைச் சொல்லாமல் லிட்டரையும் சரியான எடையையும் போடச் சொல்லி 2022-இல் ஒன்றிய அரசு உத்தரவிட்டது. பெட்டிக்குப் பக்கத்தில் '30 டிகிரியில்' என்று சேருங்கள்.

*

லிட்டர் தமிழா? படியும் நாழியும் இருக்க, கலைச்சொல்லின் தலையிலேயே பிரெஞ்சுக்காரனை ஏற்றுகிறீர்கள். 'படியெடை' என்றால் என்ன குறை?

*

படி ஊருக்கு ஊர் வேறு ஐயா. அந்தக் குறைதான்.

*

நேரமில்லை, அனுப்பிவிட்டேன். பெட்டியில் 'லிட்டர் எடை (கிலோ, 30 டிகிரியில்)', உதவிக் குறிப்பில் 'அடர்த்தி'. 'நிறை' எங்குமே இல்லை. ஐந்து பேர் சரி என்றார்கள், மற்றவர்கள் பேசவில்லை.

*

என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். அத்தர் கடைக்காரர் மில்லிக்கு இத்தனை கிராம் என்று நிரப்புவார். எண் அதேதான் வரும், ஆனால் லிட்டர் அங்கே எங்கே இருக்கிறது? முகவெடை என்றால் இரண்டு கடைக்கும் பொருந்தியிருக்கும்.
(புலவர்)