ஆப்பிரிக்கப் பொருளாதாரங்களில் கட்டமைப்பு மாற்றம்: அந்தக் கழித்தல் குறி எங்கிருந்து வருகிறது?

கேள்வி: கயல்

அனைவருக்கும் வணக்கம். சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்க நாடுகளில் வேலைவாய்ப்பு ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு எப்படி இடம்பெயர்ந்தது என்பது குறித்து முதுகலை ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். மார்கரெட் மெக்மில்லன், டேனி ரோட்ரிக் ஆகிய இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வுதான் என் தொடக்கப் புள்ளி. 1990 முதல் 2005 வரை ஆசிய நாடுகளில் கட்டமைப்பு மாற்றம், அதாவது துறைகளுக்கிடையே உழைப்பு இடம்பெயர்வது, வளர்ச்சியைக் கூட்டியது என்றும், அதே காலத்தில் அவர்கள் எடுத்துக்கொண்ட 9 ஆப்பிரிக்க நாடுகளின் சராசரியிலும் இலத்தீன் அமெரிக்காவிலும் அது வளர்ச்சியைக் குறைத்தது என்றும் அவர்கள் கண்டார்கள்.

என் குழப்பம் இதுதான். ஆர்தர் லூயிஸ் 1954இல் எழுதியதைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். வேளாண்மையில் உபரியாக இருக்கும் உழைப்பு, உற்பத்தித்திறன் மிகுந்த துறைக்குப் பெயரும்போது நாடு வளரும் என்பதுதானே பாடம்? அப்படியிருக்க, மக்கள் இடம்பெயர்வதே வளர்ச்சியைக் குறைத்தது என்பதற்கு என்ன பொருள்? கருத்தரங்கில் இதை விளக்கச் சொன்னபோது, வளர்ச்சியைத் துறைக்குள் நிகழும் மாற்றம், துறைகளுக்கிடையே நிகழும் இடப்பெயர்ச்சி என இரண்டு உறுப்புகளாகப் பிரிக்கும் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுத முடிந்ததே தவிர, அந்தக் கழித்தல் குறிக்குப் பின்னால் இருக்கும் மனிதர்கள் யார் என்று சொல்ல முடியவில்லை. அது என்னை மிகவும் உறுத்துகிறது. 2000க்குப் பிறகு அதே கணக்கு கூட்டல் குறிக்கு மாறியதாக அவர்களின் பிந்தைய ஆய்வு கூறுகிறது. அதை உண்மையான மாற்றம் என்று எழுதலாமா?

மறுமொழி: பொருநை

கயல், சூத்திரத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, 100 உழைப்பாளர்கள் மட்டுமே உள்ள ஒரு நாட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 60 பேர் வயலில் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 1 அலகு விளைவிக்கிறார்கள். 30 பேர் வணிகத்தில், ஆளுக்கு 3 அலகு. 10 பேர் ஆலையில், ஆளுக்கு 8 அலகு. மொத்தம் 230. இப்போது இறக்குமதிக்குக் கதவு திறக்கப்படுகிறது. போட்டியைத் தாங்குவதற்காக ஆலை 5 பேரை வெளியே அனுப்புகிறது. எஞ்சிய 5 பேரும் ஆளுக்கு 10 அலகு செய்கிறார்கள். வெளியேறியவர்களில் 2 பேர் ஊருக்குத் திரும்பி வயலில் இறங்குகிறார்கள், 3 பேர் கடை விரிக்கிறார்கள். மொத்தம் 211 ஆகிவிடுகிறது.

துறைக்குள் நிகழ்ந்த மாற்றம் +20, ஏனெனில் ஆலையின் உற்பத்தித்திறன் 8இலிருந்து 10க்கு உயர்ந்தது. இடப்பெயர்ச்சியின் விளைவு −39. கூட்டினால் −19. ஆலையின் கணக்கேட்டை மட்டும் பார்ப்பவருக்கு இது வெற்றியாகத் தெரியும். வெளியேறிய 5 பேரையும் சேர்த்துப் பார்ப்பவருக்குத்தான் இழப்பு தெரியும். நீங்கள் தேடும் மனிதர்கள் அந்த 5 பேர்தான். லூயிஸின் பாடம் பொய்க்கவில்லை. அவர் சொன்ன பாதையில் மக்கள் எதிர்த்திசையில் நடக்க வேண்டியதாயிற்று.

ஜாம்பியாவைப் பாருங்கள். அந்த ஆய்வில் வேளாண்மையின் வேலைவாய்ப்புப் பங்கு 1990க்கும் 2005க்கும் இடையில் குறையாமல் கூடிய நாடுகளில் அதுவும் ஒன்று, நைஜீரியா மற்றொன்று. 1970களின் நடுவில் செம்பு விலை விழுந்ததிலிருந்தே ஜாம்பியாவின் சுரங்க நகரங்கள் தளர்ந்துவந்தன. 1980இல் சுமார் 40 விழுக்காடாக இருந்த நகர்ப்புற மக்கள்தொகை 2000இல் சுமார் 35 விழுக்காடாகக் குறைந்தது. நகரமயமாதல் ஒரு நாட்டில் பின்னோக்கிப் போவது அரிது, அதுவும் போரில்லாமல்!

1990களில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபோது நெசவு, ஆடை ஆலைகள் பல மூடப்பட்டன. மேலை நாடுகளிலிருந்து வந்த பழைய துணி மூட்டைகள் சந்தையை நிறைத்ததும் அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. அந்தத் துணிகளுக்கு அங்கே 'சலாவுலா' என்று பெயர். பெம்பா மொழியில், குவியலைக் கிளறிப் பொறுக்கி எடுப்பது என்று பொருள். நேற்றுவரை தறியில் துணி நெய்தவர், இன்று தரையில் விரித்த சாக்கின் மேல் சலாவுலாவைக் குவித்து விற்கிறார் என்றால், உங்கள் சூத்திரத்தின் இரண்டாவது உறுப்பு எழுதப்படும் இடம் அந்தச் சாக்குதான்.

ஒரு சிறு குறிப்பு. லூயிஸை ஆலைத்தொழிலின் தூதராக மட்டும் படிப்பது பிழை. கோல்டு கோஸ்ட் (இன்றைய கானா) அரசுக்காக 1953இல் அவர் எழுதிய அறிக்கை, உணவு விளைவிக்கும் முறையைத் திருத்துவதையே முதல் கடமையாக வைத்தது. உங்கள் ஆய்வேட்டின் தொடக்கத்தில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி: கணக்காயன்

பொருநை ஐயா அளித்த விளக்கம் சரியானது. ஆனால் அந்தக் கணக்கில் இடப்படும் எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதையும் கயல் கவனிக்க வேண்டும். கானா 2010 நவம்பரில் தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் அடிப்படை ஆண்டை, அதாவது எந்த ஆண்டின் விலைகளையும் துறை எடைகளையும் கொண்டு கணக்கிடுகிறார்களோ அந்த ஆண்டை, 1993இலிருந்து 2006க்கு மாற்றியபோது, பொருளாதாரத்தின் அளவு ஏறத்தாழ 60 விழுக்காடு பெரிதானது. நைஜீரியா 2014 ஏப்ரலில் 1990ஐ விட்டு 2010க்கு மாறியபோது, 2013ஆம் ஆண்டுக்கான மதிப்பு 89 விழுக்காடு உயர்ந்து 510 பில்லியன் டாலரைத் தொட்டது. ஒரே நாளில் அது தென்னாப்பிரிக்காவை முந்தியது. அன்று எவரும் கூடுதலாக எதையும் விளைவிக்கவில்லை. கைப்பேசிச் சேவையும் திரைப்படத் தொழிலும் போன்று, பழைய எடைகளில் ஏறக்குறைய இடமே பெறாதிருந்தவை கணக்குக்குள் வந்தன.

இதன் விளைவு உங்கள் ஆய்வுக்கு நேரடியானது. உற்பத்தித்திறன் என்பது மதிப்பை ஆட்களின் எண்ணிக்கையால் வகுப்பது. மேலே உள்ள எண் தேசியக் கணக்கிலிருந்து வருகிறது. கீழே உள்ள எண் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்தோ உழைப்புக் கணக்கெடுப்பிலிருந்தோ வருகிறது. காலையில் சோளக் காட்டில் களை எடுத்துவிட்டு மாலையில் சாலையோரம் தக்காளி விற்கும் ஒரு பெண் "முதன்மைத் தொழில்" என்ற கட்டத்தில் உழவராகப் பதிவாகிறார். அவர் உழைப்பு முழுவதும் வேளாண்மையின் வகுக்கும் எண்ணில் சேர்கிறது. அவர் விற்ற தக்காளியின் இலாபம், கணக்கில் வந்தால், வணிகத்தில் சேர்கிறது. ஆகவே வேளாண்மை உண்மையைவிட மெலிந்தும் வணிகம் உண்மையைவிடக் கொழுத்தும் தெரியும். எத்தியோப்பியா, மலாவி, தான்சானியா, உகாண்டா ஆகிய நாடுகளின் குடும்ப ஆய்வுகளைக் கொண்டு எல்லன் மெக்கல்லோ 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஆளுக்கு எவ்வளவு என்று பார்க்காமல் ஒரு மணி நேர உழைப்புக்கு எவ்வளவு என்று பார்த்தபோது, துறைகளுக்கு இடையிலான இடைவெளி பெரிதும் சுருங்கியது.

கயல்

இருவருக்கும் என் நன்றி. சலாவுலாவைப் பற்றி இப்போதுதான் அறிகிறேன். கணக்காயன் ஐயா, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் துறைவாரித் தரவையே கைவிட வேண்டுமோ என்று அஞ்சுகிறேன். நெதர்லாந்தின் க்ரோனிங்கன் பல்கலைக்கழகம் தொகுத்த ஆப்பிரிக்கத் தரவுத்தளத்தை, அதாவது 11 நாடுகளுக்கு 1960 முதல் 2010 வரையிலான எண்களை, வைத்துத்தான் என் இரண்டாம் இயல் முழுவதும் நிற்கிறது.

மறுமொழி: கணக்காயன்

கைவிட வேண்டாம். அதைத் தொகுத்தவர்கள் இந்தக் குறைகளை அறிந்தே உழைத்திருக்கிறார்கள். கணக்கெடுப்பு நடந்த ஆண்டுகளை மட்டும் தனியாகக் குறித்துக்கொண்டு, இடைப்பட்ட ஆண்டுகளின் எண்களின் மேல் பெரிய முடிவுகளை ஏற்றாமல் எழுதுங்கள். அது போதும்.

மறுமொழி: காரியாக்கோ

நான் பொருளியல் ஆய்வாளன் அல்லன். தான்சானியாவின் தாரெஸ்ஸலாமில் 6 ஆண்டுகள் கணக்கராகப் பணியாற்றியவன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு, நான் அன்றாடம் நடந்துபோன காரியாக்கோ சந்தையிலிருந்தே பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

அங்கே தெருவில் சுமந்து விற்பவர்களை 'மச்சிங்கா' என்பார்கள். என் அலுவலகம் இருந்த தெருமுனையில், நான் போன புதிதில், கைப்பேசி உறைகளையும் மின்னேற்றிக் கம்பிகளையும் மரப்பலகையில் தொங்கவிட்டு விற்ற இளைஞர்கள் இருவர் இருந்தார்கள். நான் ஊர் திரும்பும்போது அதே முனையில் ஏழு பலகைகள் நின்றன. வாங்குவோர் கூட்டம் அந்த அளவுக்குப் பெருகவில்லை. முதலில் வந்தவரிடம் ஒருமுறை வியாபாரம் எப்படி என்று கேட்டேன். "விற்பனை இருக்கிறது, ஆனால் பங்காகிவிட்டது" என்றார். அவர்கள் அனைவருமே கிராமத்திலிருந்து வந்தவர்கள்; திரும்பிப்போக எவரும் விரும்பவில்லை. வயலில் கிடைத்ததைவிட இங்கே கிடைத்தது கூடுதல் என்பதில் எனக்கும் ஐயமில்லை.

பொருநை ஐயாவின் எண்களையே எடுத்துக்கொள்கிறேன். வயலிலிருந்து 10 பேர் வணிகத்துக்கு வருகிறார்கள். வணிகத்தில் 30 பேர் 40 ஆகிறார்கள். வாடிக்கையாளர்களைப் பங்கிட்டுக்கொள்வதால் ஆளுக்கு 3 அலகு என்பது 2.6 ஆகிறது. வணிகத்தின் மொத்தம் 90இலிருந்து 104க்கு உயர்கிறது. அதாவது, வந்த 10 பேரும் சேர்த்தது 14 அலகு, ஆளுக்கு 1.4. சராசரியைப் பார்க்கும் ஆய்வாளர், 1 அலகுத் துறையிலிருந்து 3 அலகுத் துறைக்கு மக்கள் போனார்கள் என்று மகிழ்வார். உண்மையில் அவர்கள் 1இலிருந்து 1.4க்குப் போனார்கள். அதுவும் ஏற்றம்தான், அதை நான் சிறிதும் இழிவாக எண்ணவில்லை. ஒரு தங்கையின் பள்ளிக் கட்டணம் அந்த 0.4இல் இருக்கிறது. ஆனால் அதே ஏற்றத்தை அடுத்த பத்துப் பேருக்கும் அது தருமா என்பதே கேள்வி.

மறுமொழி: பொருநை

ஐயா, நீங்கள் சந்தையில் கண்டதைத்தான் க்ரோனிங்கன் ஆய்வாளர்கள் டி வ்ரீஸ், டிம்மர், இன்னொரு டி வ்ரீஸ் ஆகியோர் 2015இல் அந்த 11 நாடுகளின் எண்களில் கண்டார்கள். கயல், இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: மெக்மில்லன் முறை இடப்பெயர்ச்சியை ஒரே உறுப்பாகக் கூட்டுகிறது, இவர்களோ அதை இரண்டாகப் பிரித்தார்கள். உயர்ந்த மட்டத்தில் உள்ள துறைக்குப் போவதால் வரும் நிலையான ஆதாயம் ஒன்று. போய்ச் சேர்ந்த துறையின் உற்பத்தித்திறன் வளர்கிறதா, தேய்கிறதா என்பதைக் காட்டும் இயங்குநிலை உறுப்பு மற்றொன்று. காரியாக்கோ கணக்கில் முதலாவது +20, இரண்டாவது −4. ஆப்பிரிக்காவில் 1990க்குப் பிறகு வணிகம் முதலிய சேவைகளுக்குப் போன உழைப்பில் முதலாவது ஆதாயமாகவும் இரண்டாவது இழப்பாகவும் இருந்தது என்பதே அவர்களின் முடிவு. ஆகவே 2000க்குப் பிந்தைய கூட்டல் குறி பொய்யன்று. ஆனால் அது கிழக்காசியாவில் காணப்பட்ட கூட்டல் குறியும் அன்று.

தொழிற்சாலைகள் ஏன் இவர்களை உள்வாங்கவில்லை என்பதற்கும் ஒரு வலுவான ஆய்வு உண்டு. ஷின்ஷென் டியாவ், மியா எல்லிஸ், மெக்மில்லன், ரோட்ரிக் ஆகியோர் எத்தியோப்பியா, தான்சானியா ஆகிய நாடுகளின் நிறுவனங்களை ஆராய்ந்தார்கள். பெரிய ஆலைகளில் உற்பத்தித்திறன் உயர்கிறது, ஆனால் வேலை பெருகுவதில்லை. சிறு பட்டறைகளில் வேலை பெருகுகிறது, ஆனால் உற்பத்தித்திறன் உயர்வதில்லை. பெரிய ஆலைகளின் மூலதனச் செறிவு, அதாவது ஓர் உழைப்பாளருக்கு எவ்வளவு இயந்திர மூலதனம் என்பது, அந்த நாடுகளைவிடப் பலமடங்கு வளமான செக் குடியரசின் அளவை எட்டுவதாக அவர்கள் காட்டுகிறார்கள். உலகச் சந்தையில் நிற்க வேண்டுமானால் உலகத் தரத்து இயந்திரம் வேண்டும்; அந்த இயந்திரமோ ஆள் கேட்பதில்லை.

மறுமொழி: செம்புலம்

ஆலை வேலை கிடைத்துவிட்டால் எல்லாம் தீரும் என்ற எண்ணம் இந்த இழையில் மெல்ல நுழைவதால் ஒன்று சொல்கிறேன். கிறிஸ்டோபர் பிளாட்மன், ஸ்டெஃபான் டெர்கான் இருவரும் எத்தியோப்பியாவில் 5 நிறுவனங்களுக்கு விண்ணப்பித்த ஏறத்தாழ 1000 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஆலை வேலையும் இன்னொரு பகுதியினருக்குப் பயிற்சியோடு சுமார் 300 டாலரும் கொடுத்து ஒப்பிட்டார்கள். ஆலையில் சேர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் முதல் மாதத்திலேயே விலகினார்கள். ஓராண்டுக்குள் 77 விழுக்காட்டினர் விலகினார்கள். வருமானம் கூடவில்லை, உடல்நலக் கேடு கூடியது. பணம் பெற்றவர்களின் வருமானம் ஓராண்டில் மூன்றில் ஒரு பங்கு கூடியது; 5 ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வேறுபாடும் மறைந்துவிட்டது. கயல், உங்கள் ஆய்வேட்டில் துறைகளுக்கிடையே அம்புக்குறி வரையும்போது, அந்த அம்பு திரும்பி வருவதையும் வரையுங்கள்.

மொரீசியசைத் தனியாக நிறுத்திப் பார்க்கவும் வேண்டுகிறேன். 1970இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் இயற்றி, கரும்புத் தோட்டங்களை மட்டுமே நம்பியிருந்த தீவு ஆடைத் தொழிலுக்கு மாறியது. ஐரோப்பியச் சந்தையில் சர்க்கரைக்குக் கிடைத்த உறுதியான விலையும் அந்த மாற்றத்துக்குக் கைகொடுத்தது. நம் முன்னோர் பலர் ஒப்பந்தக் கூலிகளாகப் போய்ச் சேர்ந்த மண் என்பதால், அதன் வெற்றியைப் படிக்கும்போது எனக்குப் பெருமிதம் ஏற்படுவதை மறைக்கவில்லை. ஆயினும் அது ஒரு சிறு தீவு. 9 நாடுகளின் எளிய சராசரியில் அது நைஜீரியாவுக்கு நிகரான எடையைப் பெறுகிறது.

கயல்

என் இரண்டாம் இயலை மீண்டும் எழுதுகிறேன். இடப்பெயர்ச்சி உறுப்பை இரண்டாகப் பிரித்துக் கணக்கிட்டு, மொரீசியசைச் சேர்த்தும் நீக்கியும் இரண்டு அட்டவணைகள் தருவேன். கணக்கெடுப்பு நடந்த ஆண்டுகளை அடிக்கோடிட்டுக் காட்டுவேன். காரியாக்கோ ஐயா, அந்த 1.4 கணக்கை உங்கள் புனைபெயரோடு அடிக்குறிப்பில் எடுத்தாள அனுமதி தருவீர்களா?

காரியாக்கோ

தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், அம்மா. ஆனால் பலகைகள் ஏழு என்பது என் ஒரு தெருமுனையின் எண்ணிக்கை மட்டுமே என்பதையும் அதே அடிக்குறிப்பில் எழுதிவிடுங்கள்.