தை, மாசியில் ராமநாதபுரம் கரை: பறவை, பவளம், ஆமை பார்க்க வழி போடுவது எப்படி? (அனுபவப் பகிர்வு)

மதுரைக்காரர்:
மதுரையிலிருந்து சொந்தக் காரில் கிளம்பி, இரண்டு இரவு தங்கித் திரும்பும் திட்டம். வயதான அம்மாவும் எட்டு வயதுப் பையனும் வருகிறார்கள். ராமேஸ்வரம் கோயில் வழி எல்லாருக்கும் தெரியும். கண்மாய்ப் பறவைகள், தனுஷ்கோடிப் பூநாரை, பவளப்பாறை, அலையாத்திக் காடு இவற்றை எந்த வாரத்தில், எந்த வரிசையில் வைப்பது? எங்கே தவறும், ஏன் தவறும்? நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்.

கண்மாய்க்கரை (பரமக்குடி):
மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள், ஓட்டல் அறை அப்புறம். தை கடைசியிலிருந்து மாசி கடைசி வரை, அதாவது பிப்ரவரியை ஒட்டிய நாட்கள்தான் இந்தக் கரைக்குச் சரியான காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்திருக்கும், கூட்டில் குஞ்சு இருக்கும், வாடைக்காற்றும் தணியத் தொடங்கியிருக்கும். மழை பொய்த்த வருடம் என்றால் இதே பிப்ரவரியில் கண்மாயில் மாடு மேயும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் அந்தந்த ஊரில் யாரையாவது கேட்டு, தண்ணீர் மரத்தடியில் நிற்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். மரத்தடியில் தண்ணீர் இல்லாத கண்மாயில் நாரை கூடு கட்டாது. நாயும் கீரியும் கூட்டுக்கு வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான்.

இந்த மாவட்டத்தில் ராம்சர் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) உள்ள கண்மாய்கள் நான்கு: முதுகுளத்தூர்ப் பக்கம் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும், ராமநாதபுரம் நகரை ஒட்டிய சக்கரக்கோட்டை, நயினார்கோவில் பக்கம் தேர்த்தங்கல். பின் இரண்டும் 2025-இல் சேர்ந்தவை. சிக்கல், சாயல்குடிப் பக்கம் மேலச்செல்வனூர்-கீழச்செல்வனூர் இருக்கிறது. பரப்பில் பெரியது, 593 ஹெக்டேர். ஆனால் பெரியது என்பதாலேயே பறவை தூரத்தில் நிற்கும். அம்மாவையும் பையனையும் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கண்மாய்தான் பார்க்க முடியும் என்றால் நான் சக்கரக்கோட்டையைச் சொல்வேன். ஊருக்குள்ளேயே இருக்கிறது, விடிந்ததும் போய்விட்டுக் காலை இட்லிக்குத் திரும்பிவிடலாம்.

காலை 6.30 முதல் 9 மணி வரைதான் நேரம். அதற்குப் பிறகு தண்ணீர்ப் பரப்பின் மேல் கானல் ஆடத் தொடங்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் அந்தக் கானலை வெல்லாது. 8×42 இருகண்ணோக்கி போதும். நாட்டுக் கருவேல மர உச்சியில் மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா, அதற்குக் கீழே நீர்க்காகம், பாம்புத்தாரா, வெள்ளை அரிவாள்மூக்கன் என்று அடுக்கடுக்காக இருக்கும். கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள், காலை வெயில் முதுகுக்குப் பின்னால் விழும். கரையை விட்டு உள்ளே இறங்காதீர்கள். பெரிய பறவை எழுந்து பறந்தால் அந்த நிமிடமே காகம் கூட்டுக்கு வந்துவிடும். முட்டையைத் தூக்கிக்கொண்டு போகக் காகத்துக்கு அரை நிமிடம் போதும்.

டிரைவர் (ராமநாதபுரம்):
கண்மாய்க்கரை சொன்னதோடு ஒன்று சேர்க்கணும். கண்மாய்க் கரை மேல காரை ஏத்தாதீங்க. சீமைக்கருவேல முள் காய்ஞ்சு மண்ணோட மண்ணா கிடக்கும். டியூப்லெஸ் டயர்ல முள் உள்ள ஏறி ஒடிஞ்சு நிக்கும், காத்து உடனே இறங்காது, ராத்திரி முழுக்கக் கசிஞ்சு காலையில டயர் தரையில உட்கார்ந்திருக்கும். அதனால சாயங்காலம் வண்டியை நிறுத்துனதும் நாலு டயரையும் கையால தடவிப் பாருங்க. பஞ்சர் ஒட்டுற குச்சி செட், பிளையர், 12 வோல்ட் காத்தடிக்கிற பம்ப், இந்த மூணும் டிக்கியில இருக்கணும். ஸ்டெப்னிக்கும் காத்து பார்த்துட்டுக் கிளம்புங்க.

பெட்ரோலை ராமேஸ்வரம் ஊருக்குள்ளயே போட்டுடுங்க, அதைத் தாண்டி தனுஷ்கோடி வரைக்கும் பங்க் கிடையாது. குடிதண்ணி ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் கணக்கு வைங்க. இந்தப் பக்கம் நிலத்தடித் தண்ணி பெரும்பாலும் உப்பு. அம்மாவுக்குக் கழிப்பறை வேணும்னா ராமேஸ்வரத்துலயே முடிச்சுட்டுப் போறது நல்லது.

பாம்பன் ரோட்டுப் பாலத்து மேல வண்டிய நிறுத்தாதீங்க. படம் எடுக்கணும்னா பாலம் ஏறுறதுக்கு முன்னாடி மண்டபம் பக்கத்துலயே ஓரமா நிறுத்தி எடுங்க. 2025 ஏப்ரல்ல திறந்த புது ரயில் பாலமும் அங்கிருந்தே தெரியும்.

வடகடல் தென்கடல் (பாம்பன்):
எந்தப் பக்கம் முதலில் என்று கேட்டீர்கள். இங்கே ஒரே ரோட்டின் இரண்டு பக்கமும் இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடை அடிக்கும் ஐப்பசி முதல் மார்கழி வரை வடகடல் கலங்கும், தென்கடல் தெளிந்து கிடக்கும். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் ஆனி முதல் ஆவணி வரை அப்படியே தலைகீழ். பவளப்பாறை தென்கடலில் இருக்கிறது. அதனால் ஜூன், ஜூலையில் கண்ணாடி அடிப் படகு பார்க்க வருகிறவர்களுக்குச் சேறு கலந்த தண்ணீர்தான் தெரியும், அல்லது படகே ஓடாது. நீங்கள் பிப்ரவரி என்றால் தென்கடல் தெளிவாகவே இருக்கும்.

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள், அவற்றில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் ஏற்கெனவே கடலுக்கடியில் போய்விட்டன. மீனவர் வள்ளத்தைப் பேசி எடுத்துக்கொண்டு எந்தத் தீவிலும் இறங்க முடியாது, இறங்கினால் வழக்கு. வனத்துறை நடத்தும் படகில்தான் போக வேண்டும். குருசடைத் தீவுக்குப் பாம்பன் குந்துகாலிலிருந்து போகிறது. ஏர்வாடிப் பக்கம் பிச்சைமூப்பன்வலசையிலும் சுற்றுலாப் படகு உண்டு. காலை முதல் படகிலேயே ஏறுங்கள். பத்து மணிக்கு மேல் காற்று எழும்பி நீர்ப்பரப்பில் சிற்றலை கூடக் கூட, கண்ணாடி வழியாகப் பார்ப்பது மங்கிவிடும். வெயில் ஓரளவு உயர்ந்து, காற்று எழாத நேரம் என்று பார்த்தால் எட்டரையிலிருந்து பத்து வரை.

முந்தின நாள் மாலை இன்காய்ஸ் (இந்தியக் கடல் தகவல் சேவை மையம்) நிறுவனத்தின் கடல் நிலை முன்னறிவிப்பைப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் வருகிறவர்கள் கள்ளக்கடல் எச்சரிக்கை இருக்கிறதா என்று அவசியம் பார்க்க வேண்டும். காற்றே இல்லாத நாளிலும் தொலைவிலிருந்து வரும் நீண்ட அலை கரையை ஏறிவிடும். குந்துகால் பக்கம் ஓங்கில் (டால்பின்) கூட்டம் தென்பட வாய்ப்பு உண்டு. படகை அதன் மேல் விரட்டச் சொல்லாதீர்கள், இன்ஜினை அடக்கி நின்றாலே போதும்.

கடல்பசுவை எதிர்பார்த்து வராதீர்கள். ஆவுளியா (கடல்பசுவுக்கு இங்குள்ள பெயர்) மூச்சு விட மூக்கை மட்டும் நீட்டிவிட்டு உள்ளே போய்விடும். அதற்கென்று 2022-இல் அறிவித்த 448 சதுர கி.மீ. பாதுகாப்பகமும் தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில்தான் இருக்கிறது. ஆனால் அது மேயும் கடற்புல்லை இங்கே பார்க்கலாம், அலையில் ஒதுங்கிக் கரையெங்கும் கிடக்கும். பையனுக்குக் காட்டுங்கள்.

மதுரைக்காரர்:
அருமை. பூநாரைக்கு எந்த நேரம்? கோதண்டராமர் கோயில் பக்கமா, அரிச்சல்முனையா?

சதுப்பு (தங்கச்சிமடம்):
அரிச்சல்முனையில் ஆலாவும் கடற்காகமும்தான். பூநாரைக்குக் கோதண்டராமர் கோயில் பக்கத்துக் கழிமுகத் தேக்கம். ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 12 கி.மீ., இடது பக்கம் திரும்பும் சாலை. தனுஷ்கோடியில் பெரும் பூநாரைக்கென்றே 2025 ஜூனில் சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள், சுமார் 524 ஹெக்டேர்.

கடிகாரத்தை விட ஓத அட்டவணை (கடல்நீர் ஏறி வற்றும் நேரப் பட்டியல்) முக்கியம். பாம்பனுக்கான அட்டவணையை எடுத்து, நீர் வற்றும் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால் போய் நில்லுங்கள். சேற்றுத் திட்டு வெளியே வர வர உள்ளானும் உப்புக்கொத்தியும் வந்து இறங்கும். முழங்கால் அளவு தண்ணீரில் பூநாரை தலையைக் கவிழ்த்து அரித்துக்கொண்டிருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் அதிகம் வற்றும். ஆனால் தை அமாவாசை அன்று மட்டும் இந்தப் பக்கம் வரவே வராதீர்கள், பாலத்திலிருந்தே வண்டி நகராது. பௌர்ணமியை ஒட்டி வையுங்கள்.

அட்டவணை பொய்க்கும் நாளும் உண்டு. இந்தக் கடலில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. வாடை பலமாக இருந்தால் காற்றே தண்ணீரை உள்ளே தள்ளிவிடும், திட்டு வெளியே வராது. மழை மிஞ்சிய வருடமும் அப்படித்தான். தேக்கம் ஆழமாகி, பூநாரை வேறு இடம் தேடிப் போய்விடும். அப்படிப்பட்ட நாளில் வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்களை ஒட்டிய சாலையில் போய்ப் பாருங்கள். பாத்தி வரப்பில் இறங்க வேண்டாம், அது வேலை நடக்கும் இடம்.

வெளிச்சம் பற்றி ஒரு நல்ல செய்தி. தை, மாசியில் சூரியன் தெற்கே சாய்ந்து ஓடும், தேக்கமோ ரோட்டுக்கு வடக்கே. ரோட்டோரம் நின்று பார்த்தாலே வெயில் பின்னாலிருந்துதான் விழும். அதனால் கிட்டே போகும் ஆசை வேண்டாம். மேலே காய்ந்த தோல் மாதிரித் தெரியும் மண்ணுக்கு அடியில் கருஞ்சேறு. கால் முழங்கால் வரை இறங்கும். நீங்கள் நெருங்க நெருங்க பூநாரை முதலில் மேய்வதை நிறுத்தும், அப்புறம் கழுத்தை நிமிர்த்தும், அப்புறம் கூட்டமாக நடக்கத் தொடங்கும். கழுத்து நிமிர்ந்ததுமே நின்றுவிடுங்கள். ஒருமுறை எழுப்பிவிட்டால் அந்தக் காலையில் பின்னால் வருகிற யாருக்கும் அது கிடையாது. டிரோன் அறவே கூடாது. பறவைக்காக மட்டுமில்லை, உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருக்கிறது.

டிரைவர் (ராமநாதபுரம்):
அங்க கார் புதையறதுதான் அதிகம். ரோட்டோர மணல் கெட்டியாத் தெரியும், அரை டயர் இறங்குனதும் ஆக்ஸிலேட்டரை மிதிப்பாங்க, வண்டி அச்சு வரைக்கும் உட்காரும். சக்கரம் சுத்துச்சுன்னா உடனே காலை எடுங்க. ஆட்களை இறக்குங்க. இழுக்குற சக்கரம் (பெரும்பாலான சின்னக் கார்ல முன் சக்கரம்) முன்னாடியும் பின்னாடியும் கையால மணலை அள்ளுங்க. டயர் காத்தை 18 psi வரைக்கும் இறக்குங்க. மிதியடியோ பனைமட்டையோ சக்கரத்துக்கு அடியில குடுத்து, வந்த தடத்துலயே ரிவர்ஸ்ல மெதுவா எடுங்க. தார் ரோட்டுக்கு வந்ததும் காத்தைத் திரும்ப ஏத்திட்டுத்தான் வேகம் போகணும், குறைஞ்ச காத்துல ஓட்டுனா டயரோட பக்கவாட்டுச் சுவர் கிழியும். தார் மேலயே மணல் பறந்து வந்து திட்டாக் கிடக்கும், அங்க திடீர்னு பிரேக் அடிக்காதீங்க. ஊருக்குத் திரும்புனதும் அடிப்பக்கம் நல்ல தண்ணி அடிச்சுக் கழுவுங்க.

அரிச்சல்முனை போறதா இருந்தா மத்தியானம் 3 மணிக்குள்ள உள்ள போயிடுங்க. சாயங்காலம் சோதனைச் சாவடியில நிறுத்திடுவாங்க, உள்ள இருக்கறவங்களையும் வெளியே அனுப்பிடுவாங்க. முனையில கடல்ல இறங்காதீங்க, ரெண்டு கடலும் சேர்ற இடம், நீரோட்டம் இழுக்கும்.

ஆமைத்தடம் (மண்டபம்):
இந்தக் காலத்தில் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) முட்டையிட வரும். தனுஷ்கோடிக் கரையில் வனத்துறை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிறது. ஒரு கூட்டில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும், பொரிக்க 45 முதல் 55 நாள் வரை ஆகும். ஆகவே பிப்ரவரியில் உங்களுக்குத் தெரியப்போவது தடம்தான். மணலில் இடது வலது துடுப்பு மாறி மாறிப் பதிந்து, ஏறக்குறைய முக்கால் மீட்டர் அகலம் இருந்தால் பங்குனி ஆமை. இரண்டு துடுப்பும் இணையாகப் பதிந்து, ஒரு மீட்டர் அகலம் என்றால் பேராமை (பச்சை ஆமை). குஞ்சு விடுவதைப் பார்க்க வேண்டும் என்றால் மார்ச், ஏப்ரலில் வனத்துறையிடம் கேட்டு அதிகாலையில் வர வேண்டும். அப்போது செல்போன் டார்ச் அடிக்காதீர்கள். கடலின் வெளிச்சத்தை நோக்கித்தான் குஞ்சு நடக்கும், உங்கள் விளக்கைக் கண்டால் உங்களை நோக்கி வரும்.

கரையில் ஒதுங்கிய பவளத்துண்டு எதையும் பையில் போடாதீர்கள், செத்த பவளமானாலும் சட்டப்படி குற்றம். கடல்குதிரை, கடல் அட்டையும் அப்படியே. பையனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

காரங்காடு வழி (தொண்டி):
அலையாத்தியை யாரும் எழுதவில்லையே. ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால் காரங்காடு. வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து படகு விடுகிறார்கள், துடுப்புப் படகும் உண்டு. ஓடைக்குள் போவதால் வாடை மிச்சம் இருந்தாலும் தொந்தரவில்லை. மீன், நண்டுச் சாப்பாடு வேண்டுமானால் முந்தின நாளே சொல்லிவையுங்கள், போனதும் கிடைக்காது. நீர் ஏறியிருக்கும்போது படகு உள்ளே தூரம் போகும், வற்றியிருக்கும்போது வேர்களும் நண்டும் கொக்கும் தெரியும். அம்மாவுக்குப் படகில் ஏற நீர் ஏறிய நேரமே வசதி.

கண்மாய்க்கரை (பரமக்குடி):
அப்படியானால் வரிசை இதுதான். முதல் நாள் மதியம் மதுரையிலிருந்து கிளம்பி, சுமார் 115 கி.மீ., ராமநாதபுரத்தில் தங்கல். இரண்டாம் நாள் விடிந்ததும் சக்கரக்கோட்டை, பிறகு காரங்காடு, மாலை ராமேஸ்வரம். மூன்றாம் நாள் காலையில் பூநாரையா, குருசடைப் படகா என்று இப்போதே முடிவு செய்யாதீர்கள். நீர் வற்றுவது விடிகாலையில் என்றால் பூநாரை முதலில், படகு பிறகு. வற்றுவது முற்பகலில் என்றால் இரண்டும் மோதும். அப்போது ஒன்றை விடுங்கள், நான் படகை விடுவேன்.

மதுரைக்காரர்:
காயம்பட்ட பறவையோ, கரை ஒதுங்கிய ஆமையோ கண்ணில் பட்டால்?

ஆமைத்தடம் (மண்டபம்):
கடலுக்குள் திருப்பித் தள்ளாதீர்கள். வலையில் சிக்கிக் களைத்த ஆமை தண்ணீரில் மூழ்கிச் செத்துவிடும். நிழல் கொடுத்து, ஈரத்துணியை ஓட்டின் மேல் போடுங்கள், மூக்கை மூடக்கூடாது. கூட்டத்தையும் நாயையும் விலக்கிவிட்டு மண்டபம் வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். தனுஷ்கோடியில் சில இடங்களில் செல்போன் சிக்னல் இருக்காது, அங்கே சோதனைச் சாவடியில் சொன்னால் அவர்கள் தெரிவித்துவிடுவார்கள். பறவை என்றால் காற்றுப் போகும் அட்டைப்பெட்டியில் இருட்டாக வையுங்கள், வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.