யாஷிகா எலக்ட்ரோ 35: ரப்பர் பேடா, வயரா?

வணக்கம், கிருஷ்ணகிரியிலிருந்து. கேமரா யாஷிகாவின் பழைய ஃபிலிம் கேமராவான எலக்ட்ரோ 35 ஜிஎஸ்என். ஷட்டர் கோளாறுக்குக் காரணம் உள்ளே ஷட்டர் இணைப்பில் இருக்கும் சிறு ரப்பர் பேடா, பேட்டரி வயரா என்று தெரியவில்லை. அதற்கான 5.6 வோல்ட் மெர்குரி பேட்டரி இப்போது இல்லை. ஸ்பேசர் வைத்து 6 வோல்ட் 4எல்ஆர்44 போட்டிருக்கிறேன். செக் பட்டனை அழுத்தினால் பச்சை விளக்கு எரிகிறது. ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தினால் மஞ்சள் விளக்கும் (வெளிச்சம் குறைவு) வரவில்லை, சிவப்பு விளக்கும் (வெளிச்சம் அதிகம்) வரவில்லை. வியூஃபைண்டர் பக்கத்துச் சென்சார் கண்ணை விரலால் மூடி எஃப்16 (மிகச் சிறிய துளை) வைத்தாலும், நெடுநேரம் திறந்திருக்க வேண்டிய ஷட்டர் 'டிக்'கென்று முடிந்துவிடுகிறது. பேட்டரி இல்லாதபோது வரும் அதே 1/500 நொடி வேகம்.

பேட்டரி கசிந்த பச்சைக் களிம்பை வினிகரால் துடைத்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்தாயிற்று. பேட்டரி வயரில் மல்டிமீட்டர் தொடர்ச்சி காட்டுகிறது. லோடு ஏறினால் (மின்னோட்டம் பாயும்போது) என்ன ஆகுமோ. ஃபிலிம் லீவரைத் தள்ளும்போது வர வேண்டிய 'டொக்' சத்தம் இல்லை, அதனால் பேட் கரைந்திருக்கும் என்றே சந்தேகம்.

மாற்றியவர்கள் எத்தனை மில்லிமீட்டர் ரப்பர் போட்டீர்கள்? டாப் கவர் மட்டும் கழற்றினால் போதுமா, லென்ஸ் போர்டும் வர வேண்டுமா? ஓசூர், தர்மபுரி பக்கம் பழைய கேமரா பிரிப்பவர் இருந்தாலும் சொல்லுங்கள்.