ஜிபி அனுப்பிய லிங்க்: உங்களுக்கு எப்படி இருந்தது?

மனச்சோர்வு என்று ஜிபியிடம் (குடும்ப மருத்துவரிடம்) போனால், நாமே ஆன்லைனில் செய்யும் சுய உதவிப் பாடத்துக்கு ஒரு லிங்க் வருகிறதே, அதைப் பற்றித்தான்.

வதனி, ஈஸ்ட்ஹாம்:
சின்னவன் பிறந்து ஐந்தாம் மாதம். ஜிபியிடம் பத்து நிமிடம். மனச்சோர்வை அளக்கும் அந்த ஒன்பது கேள்வி, எனக்கு 27க்கு 14 வந்தது. மருந்து வேண்டாம் என்றேன். ஃபோனுக்கு லிங்க் வந்தது.

இரவு இரண்டு மணி, பிள்ளை தோளில், ஒரு கையால் தட்டுகிறேன். ஒவ்வொரு பாடத்துக்கு முன்னும் அதே ஒன்பது கேள்வி. கடைசிக் கேள்விக்கு, செத்துப்போனால் நல்லது என்று தோன்றுகிறதா என்பதற்கு, "சில நாட்கள்" என்று அழுத்தினேன். உடனே பயம் பிடித்துக்கொண்டது. இதை யார் பார்ப்பார்கள்? சோஷலில் (குழந்தைப் பாதுகாப்பைப் பார்க்கும் சமூக சேவைத் துறை) இருந்து வந்து பிள்ளையைத் தூக்கிப் போய்விட்டால்? "ஒருநாளும் இல்லை" என்று மாற்றினேன். பச்சை நிறத்தில் ஒரு டிக் வந்தது, "நன்றாகச் செய்கிறீர்கள்" என்று. அந்தப் பச்சை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மூன்றாம் பாடத்தோடு விட்டுவிட்டேன்.

செந்தில், லெஸ்டர்:
எனக்கு ஒத்துப்போனது. எங்கள் ஜிபி காத்திருப்பு அறையில் பாதிப் பேர் கோயிலில் பார்க்கும் முகங்கள். லேப்டாப் என்றால் கதவைச் சாத்திக்கொள்ளலாம். பாடத்தில் இந்த வாரம் செய்ய ஒரு சின்ன வேலை எழுதச் சொன்ன இடத்தில், கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று எழுதினேன். மாதக்கணக்கில் அந்தப் பக்கமே போகவில்லை. அடுத்த வியாழன், பாடத்தை வழிநடத்தும் தெரபிஸ்டிடமிருந்து மெசேஜ்: "செடி எப்படி இருக்கிறது?" ஆபீஸ் பாத்ரூமில் நின்று அழுதேன். அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. எட்டு வாரமும் முடித்தேன்.

கலா:
செந்தில், சாத்திக்கொள்ள ஒரு அறை, ஆங்கிலம், லேப்டாப் எல்லாம் உங்களுக்கு இருந்தது. என் அப்பாவுக்கு 68. அம்மா போன பிறகு சாப்பாடே இறங்கவில்லை. அவருக்கும் லிங்க்தான், பக்கத்தில் இருந்து தமிழில் சொல்ல நான். "குடும்பத்தை ஏமாற்றிவிட்டதாகத் தோன்றுகிறதா?" இதை அப்பாவிடம் மகள் எந்த வாயால் கேட்பது? கேட்டேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. சாரத்தின் நுனியை மடித்து மடித்து விரித்தபடி, "அப்பிடி ஒண்டும் இல்லையெண்டு போடு பிள்ளை" என்றார். போட்டேன். இதையா ஒத்துப்போனது என்பது?

அரவிந்த்:
எனக்கு இரண்டு பாடம், அப்புறம் பாஸ்வேர்ட் மறந்து நின்றுவிட்டது, அவ்வளவுதான். ஆனால் கலா, மகள் மொழிபெயர்க்கவே கூடாது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், காசு கிடையாது. இங்கிலாந்தில் மனநலத்துக்கான பேச்சு சிகிச்சைக்கு ஜிபி கடிதமும் தேவையில்லை, நாமே பதியலாம். லிங்க் சரிப்படவில்லை என்றால் நேரில் வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். சிகிச்சை விதிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் 2022 வழிகாட்டுதலே நோயாளியின் விருப்பத்தைக் கேட்கச் சொல்கிறது. சுய உதவிப் பாடம் என்றாலும் வழக்கமாக 6 முதல் 8 அமர்வு, வழிநடத்த ஒரு ஆள் உண்டு. 2015இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வைப் பாருங்கள். ஜிபிகளிடம் வந்த 691 பேர். கணினிப் பாடமும் சேர்த்துப் பெற்றவர்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட 4 மாதத்தில் மேலாக இல்லை. பலர் ஓரிரு பாடத்திலேயே நின்றுவிட்டார்கள். வாராவாரம் போன் போனது, ஆனால் அது பெரும்பாலும் தொழில்நுட்ப உதவி. செந்திலுக்குக் கிடைத்தது வேறு. வதனி, அந்த எண்ணம் இன்னும் வந்தால் அரசு மருத்துவ உதவி எண் 111 அழைத்து, மனநல உதவிக்கு 2ஐ அழுத்துங்கள். சமாரிட்டன்ஸ் உதவித் தொலைபேசி 116 123, இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள்.

வதனி:
நன்றி அண்ணா. இப்போது நலம். ஹெல்த் விசிட்டர் (பிள்ளையைப் பார்க்க வரும் நர்ஸ்) வீட்டுக்கு வந்தபோது வாய்விட்டுச் சொன்னேன், யாரும் பிள்ளையைத் தூக்கவில்லை. அவனுக்கு இப்போது மூன்று வயது. நான் கேட்க வந்தது வேறு. ஒன்பதாவது பதிலை மாற்றியது நான் மட்டும்தானா?

செந்தில், லெஸ்டர்:
இல்லை. நானும் மாற்றினேன். செடி மெசேஜ் வந்த அன்று இரவு, அவருக்குப் பதில் எழுதி உண்மையைச் சொன்னேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவரே போன் செய்தார்.