கராஜ் கதவு பாதியில் திரும்பி மேலே போகிறது: மோட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி:
வணக்கம். கனடாவின் மார்க்கம் நகரில் உள்ள எங்கள் வீட்டுக் கராஜ் கதவு ஒழுங்காகத் திறக்கிறது. மூடும்போது மட்டும் ஓரடி இறங்கியதும் நின்று மறுபடி மேலே போய்விடுகிறது, மோட்டரில் உள்ள மின்குமிழும் பலமுறை சிமிட்டுகிறது. சுவரிலுள்ள பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்தால் முழுவதும் மூடிக்கொள்கிறது. பார்க்க வந்தவர் மோட்டரையே மாற்ற வேண்டும் என்றார். ஆறு வருடம்கூட ஆகாததை மாற்ற மனம் வரவில்லை. தெருமுனையிலிருந்தே வேலைசெய்த ரிமோட்டும் இப்போது கதவுக்கு அருகில் வந்தால்தான் வேலைசெய்கிறது.

மறுமொழி 1:
அவசரப்பட்டு மாற்ற வேண்டாம், ஐயா. அழுத்திப் பிடித்தால் மூடுகிறது என்றால் மோட்டருக்குக் கதவை இறக்கும் வலு இருக்கிறது. கதவின் இருபுறமும் தரையிலிருந்து ஏறத்தாழ ஆறு அங்குல உயரத்தில் எதிரெதிரே பூட்டியிருக்கும் சென்சார்களின் பக்கம்தான் குறை இருக்க வேண்டும். ஒன்று அனுப்பும் கண்ணுக்குத் தெரியாத கதிர் மற்றதைச் சேராவிட்டால், கதவின் கீழே யாரோ நிற்பதாகக் கொண்டு மோட்டர் மூட மறுக்கும். குழந்தைகள் நசுங்கி இறந்ததால் அமெரிக்காவில் 1993 முதல் கட்டாயமாக்கப்பட்ட பாதுகாப்பு இது. யார் சொன்னாலும் அதை முடக்கிவிடாதீர்கள்.

சென்சார்களின் கண்ணாடியை மெல்லிய துணியால் துடைத்து, மரையைத் தளர்த்தி, இரண்டின் சிறுவிளக்குகளும் சிமிட்டாமல் எரியும்வரை நேராக்குங்கள். மாலையில் மட்டும் இப்படி நடக்கிறதா என்றும் கவனியுங்கள். சாயும் வெயில் கதிரை வாங்கும் சென்சாரில் நேராக விழுந்தாலும் இதே கோளாறுதான் வரும்.

கேட்டவர்:
துடைத்து நேராக்கியும் பயனில்லை. இரவிலும் இப்படித்தான். ஆனால் வலப்பக்க வயரைத் தொட்டு அசைத்தால் விளக்கு ஒரு கணம் நிலையாக எரிகிறது.

மறுமொழி 2:
அப்படியானால் வயரைத்தான் சந்தேகிக்க வேண்டும். மின்செருகியைக் கழற்றிவிட்டு, இரண்டு சென்சார்களையும் மோட்டரின் அருகே கொண்டுபோய், புதிய வயர்த் துண்டுகளால், பழைய இணைப்பில் எந்த நிறம் எங்கே இருந்ததோ அதே முறையில் இணைத்து, எதிரெதிரே வைத்து மின்சாரம் கொடுங்கள். இரண்டு விளக்குகளும் நிலையாக எரிந்தால் குறை சுவரில் ஓடும் வயரில். அப்போதும் சிமிட்டினால் சென்சாரையோ மோட்டரின் சர்க்கியூட் போர்டையோ பார்க்க வேண்டும். பெரும்பாலும் வயரைச் சுவரோடு பிடிக்க அடித்த ஸ்டேப்பிள்தான் உறையை வெட்டியிருக்கும்.

ரிமோட் வேறு கதை. அண்மையில் மோட்டரில் எல்.இ.டி. மின்குமிழ் போட்டீர்களா? சில மலிவான குமிழ்கள் எழுப்பும் வானொலி இரைச்சல் ரிமோட்டின் சமிக்ஞையை மூழ்கடித்துவிடும். குமிழைக் கழற்றிவிட்டுத் தெருமுனையிலிருந்து அழுத்திப் பாருங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று: மோட்டர் உறுமியும் அசையாமல் நின்றால் கப்பாசிட்டர் (மோட்டரைச் சுழலவைக்க மின்னேற்றத்தைத் தேக்கித் தரும் பாகம்) போயிருக்கலாம். செருகியைக் கழற்றிய பின்னும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதால், தெரியாதவர்கள் மூடியைத் திறக்கவே கூடாது.

கேட்டவர்:
மிக்க நன்றி. மோட்டரின் அருகே வைத்ததும் இரண்டு விளக்குகளும் அசையாமல் எரிந்தன. பிறகு சுவரோரம் வயரை விரலால் தடவிக்கொண்டே போனேன். தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் ஒரு ஸ்டேப்பிள் உறையைக் கடித்து, உள்ளே செம்பு களிம்பேறிப் பச்சையாகிக் கிடந்தது. அந்த நீளத்துக்குப் புது வயர் போட்டேன், கதவு மூடுகிறது. மின்குமிழைக் கழற்றியதும் ரிமோட்டும் தெருமுனையிலிருந்து வேலைசெய்கிறது.